மூன்றேகால் மணி நேரப் பள்ளம்

அரங்கக் காவலாளி ஆவுடையப்பன் வாசலில் நின்று "வாங்க மேடம்" என்றதுமே குருவம்மாவுக்குப் பாதி விஷயம் விளங்கிவிட்டது. ஏழாம் வகுப்பில் அவள் மதில் ஏறிக் குதித்து மேட்ச் பார்த்ததற்காகக் காதைத் திருகியவர் அவர். இன்று இஸ்திரி போட்ட சட்டையில், கையில் ஒரு ரோஜாப்பூவோடு நின்றார்.

"ஆவுடையண்ணே, நான்தான்."

"தெரியுது மேடம். லீக் ஆபீஸ்லருந்து வாரவுகளுக்கு மரியாதை குடுக்கணும்லா."

வெளியே நாற்பத்தெட்டு டிகிரி. கதவு மூடியதும் இருபத்தேழு. மே மாதத்தில் திறந்த மைதானத்தில் எவராலும் ஹாக்கி ஆட முடியாது என்றான பிறகு கட்டிய கூரை அரங்கம் இது. லீக் காகிதங்களில் அதன் பெயர் 'குளிரரங்கம்'. கோவில்பட்டிக்காரர்களுக்கு ஏசி கிரவுண்டு.

ஆறாயிரம் இருக்கைகளும் காலியாக இருந்தன. அந்த வெறுமை அவளுக்குப் பிடிக்கவில்லை. படிகளில் தண்ணீர் விட்டுக் கழுவிய ஈரம் இன்னும் காயவில்லை. காற்றில் புளிச்சோற்று வாசனையும் குழந்தைப் பவுடர் வாசனையும் கலந்து கிடந்தன.

"ஓசூர் டீமு திருநெல்வேலிக்கு வாரானாம். வந்துட்டுப் போறான். அதுக்கு எங்களை எதுக்கு அளக்கணும்?" என்றார் ஆவுடையப்பன்.

"லீக்ல மூணு பிரிவு இருக்குல்லண்ணே. பிரிவுக்கு நாலு டீம். ஓசூர் மேட்டுப் பிரிவுல இருந்துச்சு, பெங்களூரு, மைசூரு, கோயம்புத்தூரோட. இப்ப அவங்க தெற்கே வந்துட்டா நம்ம கரிசல் பிரிவுல அஞ்சு டீம் ஆயிரும், அங்க மூணுதான் மிஞ்சும். நாம, ராஜபாளையம், தூத்துக்குடி, ராமநாதபுரம், திருநெல்வேலி. இந்த அஞ்சுல ஒண்ணு மேட்டுப் பிரிவுக்குப் போகணும்."

"போனா என்ன? பெங்களூருக்காரன்கூட ஆடிட்டு வாரோம்."

"பிரிவு மாறினா பருவமும் மாறும்ணே."

பன்னிரண்டு அரங்குகளையும் ஒரே சமயத்தில் குளிர வைக்க மாநிலங்களிடம் மின்சாரம் இல்லை. அதனால் பிரிவுக்கு ஒரு பருவம். கரிசல் பிரிவுக்குக் கோடை, கடல் பிரிவுக்கு மழைக்காலம், மேட்டுப் பிரிவுக்குப் பனிக்காலம். செயற்கைப் புல்தரை வெடிக்காமலிருக்க, ஒரு பிரிவின் பருவம் முடியும்வரை அதன் அரங்குகளில் இரவும் பகலும் குளிர் ஓடும். ஆட்டம் வாரத்துக்கு ஒன்றுதான். மற்ற ஆறு நாளும் குளிர் சும்மாதான் ஓடிக்கொண்டிருக்கும்.

சும்மா ஓடவில்லை என்பது குருவம்மாவுக்குத் தெரியும். சித்திரை பிறந்ததிலிருந்து அவள் அம்மா சீனித்தாய் தினமும் இங்கிருந்துதான் போன் பேசுகிறாள். சி பிளாக், பதினாலாவது வரிசை. காலை ஒன்பது மணிக்குப் பாயோடும் சோற்று வாளியோடும் வந்தால், வெயில் தாழ்ந்த பிறகுதான் வீடு. ஊரில் பாதிப் பேர் அப்படித்தான்.

சென்னை அலுவலகத்தில் அவள் இதை யாரிடமும் சொன்னதில்லை. போன வருஷம் ஏதோ ஓர் ஊரில் ஜனங்கள் அரங்கப் படிகளில் வரிசையாகப் படுத்திருப்பதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். "அகதி முகாம் மாதிரி இருக்குல்ல?" என்றாள் பக்கத்து மேசைப் பெண். குருவம்மாவும் சிரித்து வைத்தாள். உங்கள் வீட்டில் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்டபோது, வீட்டில் ஏசி இருக்கிறது என்றாள். அலுவலகத்தில் அவள் பெயரும் 'குரு' மட்டும்தான்.

அலுவலகத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆய்வுக்கு அந்தந்த ஊர்க்காரரையே அனுப்புவார்கள். வழி தெரியும், பேச்சு தெரியும், யாரையும் கேட்டு அலைய வேண்டியதில்லை. அதனால்தான் அவள் வந்தாள்.

அவள் தன் நோட்டை எடுத்து 'உள்ளே: 11.05' என்று குறித்துக்கொண்டாள். எதையும் நேரம் போட்டுக் குறித்துக்கொள்வது அவள் பழக்கம். குறித்தது சரிதானா என்று மறுபடி பார்ப்பதும் பழக்கம்.

படிவத்தில் நாற்பத்தொரு கேள்விகள். புல்தரையின் வெப்பத்தை இருபத்துநான்கு இடங்களில் அளக்க வேண்டும், ஒவ்வோர் இடத்திலும் மூன்று நிமிடம் கருவியை அழுத்திப் பிடித்து. அதை முடித்துவிட்டு இருக்கைகளைப் பார்க்க ஏறினாள். சி பிளாக்குக்குப் போகாமலிருந்திருக்கலாம். படிவத்தில் அது இருந்ததால் போனாள்.

பதினாலாவது வரிசையில், நாற்காலிக்கு அடியில் ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. நீல ரப்பர் செருப்பு. இடது வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தது. அந்த ஊக்கைக் குத்தியதே குருவம்மாதான், பொங்கலுக்கு வந்தபோது. புதுசு வாங்கித் தருகிறேன் என்றதற்கு, இது இன்னும் ரெண்டு வருசம் வரும் என்றாள் அம்மா.

அப்படியென்றால் அம்மா வெறுங்காலோடு வெளியே நிற்கிறாள்.

எங்கே நிற்பார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். பின்பக்க மதிலுக்கு அப்பால் பழைய வண்டி நிறுத்தம். தார்த் தரை. மதில் நிழல் மதியத்தில் ஒரு முழம்கூட விழாது. அதிகாரி வருகிறார் என்று பாய்களைச் சுருட்டி, படிகளைக் கழுவி, அத்தனை பேரும் ஒழுங்காக வெளியேறியிருக்கிறார்கள், விருந்தாளி வரும்போது வீட்டுக் கொடியில் தொங்கும் பழந்துணிகளை அள்ளி மறைப்பதுபோல.

ஆவுடையப்பன் நாலு படி கீழே நின்றுகொண்டு எங்கோ பார்த்தார்.

குருவம்மா காலால் செருப்பை நாற்காலிக்கு அடியில் இன்னும் உள்ளே தள்ளினாள்.

அதோடு கிளம்பியிருந்தால்கூடப் பரவாயில்லை. மணி பன்னிரண்டே முக்கால்தான். ஆனால் கீழே இறங்கி வந்தபோது, முதல் சுற்று அளவில் ஏதாவது தப்பு இருக்குமோ என்று தோன்றியது. சொந்த ஊர், சலுகை காட்டினாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. இருபத்துநான்கு இடங்களையும் மறுபடி அளந்தாள். ஒவ்வோர் இடத்திலும் மூன்று நிமிடம். நடுவில் மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை வீறிட்டது. யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள்.

"காத்து சத்தம் மேடம்," என்றார் ஆவுடையப்பன்.

"ம்," என்றாள் குருவம்மா.

முப்பத்தெட்டாவது கேள்வியைக் கடைசிக்கு வைத்திருந்தாள். 'ஆட்டம் இல்லாத நாட்களில் அரங்கில் தங்கும் பொதுமக்களின் எண்ணிக்கை.' அவள் கண்ணால் பார்த்தது காலி இருக்கைகள். அதைத்தானே எழுத முடியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். 'இல்லை' என்று எழுதினாள். 'வெளியே: 2.20' என்று நோட்டில் குறித்தாள்.

ரயில் நிலையத்தில் இருக்கும்போது அம்மா போன் செய்தாள்.

"வேலை முடிஞ்சுதா? வீட்டுக்கு ஒரு எட்டு வரலையா?"

"ரயிலுக்கு நேரமாச்சும்மா. நீ எங்க இருக்க?"

"நான் எங்க இருக்கப்போறேன். கிரவுண்டுலதான்," என்றாள் சீனித்தாய். "நல்லா அளந்தியா?"

"அளந்தேம்மா."

* * *

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. பிரிவுகளைப் பிரிக்கும் கணினிக்கு அலுவலகத்தில் 'பிரிப்பான்' என்று பெயர். ஐந்து ஊர்களின் படிவங்களையும் விழுங்கிவிட்டு அது ஒரே வரியில் பதில் சொன்னது: கோவில்பட்டி, மேட்டுப் பிரிவுக்கு. அடுத்த ஆண்டு முதல் நவம்பரிலிருந்து ஜனவரி வரை.

குருவம்மா அந்த வரியை நான்கு முறை படித்தாள். பிறகு பெனடிக்ட் ஜெயசீலன் சாரின் அறைக்குப் போனாள். ஆட்ட அட்டவணைப் பகுதிக்கு அவர்தான் தலைவர். ஐம்பது வயது, மெல்லப் பேசுபவர், கோபம் வந்தால் கண்ணாடியைத் துடைப்பார்.

"எதை வச்சு சார் கோவில்பட்டியை எடுத்துச்சு?"

"உங்க ஊருல்ல? வருத்தமாத்தான் இருக்கும்." அவர் திரையைத் திருப்பினார். "பாரு. பயணத் தூரத்துல அஞ்சும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். தரை வெப்பத்துல கோவில்பட்டிதான் குறைவு. நீ ரெண்டு தடவை அளந்திருக்க, அதனால உன் அளவை அது ரொம்ப நம்புது. கோடைக் குளிர் இந்த அரங்குக்குத்தான் கம்மியாத் தேவைன்னு முடிவு பண்ணிருச்சு."

"அரங்கு காலியா இருந்துச்சு சார். ஆள் இருந்தா இன்னும் சூடா இருந்திருக்கும்."

"ஆமா, ஒரு ஆள் சும்மா உக்காந்திருந்தாலே பழைய குண்டு பல்பு ஒண்ணு எரியற மாதிரி சூடு விடுவான். ஆனா ஆள் இல்லைன்னுதான நீ எழுதியிருக்க. முப்பத்தெட்டு."

"முப்பத்தெட்டுக்கு எவ்வளவு மதிப்பு சார்?"

"அதுக்குத்தான் இருக்கறதுலயே அதிகம். எந்தப் புண்ணியவான் அந்தக் கேள்வியைச் சேர்த்தானோ, ஜனங்க ஒதுங்கற அரங்கை முடிஞ்சவரைக்கும் பருவம் மாத்தாதேன்னு பிரிப்பானுக்குச் சொல்லி வச்சிருக்கான். படிவத்துல அது தெரியாது. தெரிஞ்சா எல்லாரும் ஆயிரம் ரெண்டாயிரம்னு எழுதிடுவாங்களே."

குருவம்மா "சரி சார்" என்று சொல்லிவிட்டுத் தன் மேசைக்கு வந்தாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. அடுத்த சித்திரையில் சி பிளாக்கின் கதவு பூட்டியிருக்கும். மார்கழிப் பனியில் யாரும் இல்லாத அரங்கில் குளிர் ஓடிக்கொண்டிருக்கும்.

அவள் வாரத்தில் மூன்று நாள் மாலை வகுப்பில் புள்ளியியல் படித்துக்கொண்டிருந்தாள். அன்றும் போனாள். வீட்டுக்கு ஒவ்வொரு மணிக்கும் எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்ற பட்டியலைக் கொடுத்து, அந்த வீட்டில் எத்தனை பேர், எப்போது வெளியே போனார்கள் என்று கண்டுபிடிக்கச் சொன்னார் ஆசிரியர். வகுப்பில் மற்றவர்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது குருவம்மாவின் பேனா நின்றது. அரங்குகளுக்கும் அப்படி ஒரு பட்டியல் உண்டு. குளிர் இயந்திரம் எவ்வளவு உழைத்தது என்று நிமிடத்துக்கு நிமிடம் பதிவாகும். அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

மறுநாள் அதைத் திறந்தாள். மே மாதத்தின் ஒவ்வொரு நாளும் காலை ஒன்பதுக்கு மேல் கோடு மேலே ஏறி, மாலைவரை மேட்டிலேயே நின்றது. வெயிலுக்கு உரியதைக் கழித்து, மிச்சத்தை ஆளுக்கு ஒரு குண்டு பல்பு என்று வகுத்தாள். இரண்டாயிரத்து நூறு சொச்சம். சந்தேகப்பட்டு வேறு வழியிலும் வகுத்தாள். அதே இரண்டாயிரத்து நூறு.

ஆய்வு நாளன்று மட்டும் அந்த மேட்டின் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. பதினொன்று ஐந்துக்கு அடியைத் தொட்டு, இரண்டு இருபதுக்கு ஏறத் தொடங்கியது. மூன்றேகால் மணி நேரம்.

மற்ற ஊர்களையும் பார்த்தாள். ராமநாதபுரத்தில் ஆய்வு நாளன்று ஒரு பள்ளம். தூத்துக்குடியில் ஒன்று. ராஜபாளையத்தில் ஒன்று. நான்கு ஊர் ஜனங்களும் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே போயிருக்கிறார்கள். நான்கு படிவங்களிலும் முப்பத்தெட்டாவது கேள்விக்கு 'இல்லை'. திருநெல்வேலியில் மட்டும் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. அங்கே அரங்கமே போன மாதம்தான் கட்டி முடித்தார்கள்.

எல்லாரும் செய்ததுதானே என்று ஒரு நொடி அவளுக்கு மூச்சு வந்தது. பிறகு பள்ளங்களின் அகலத்தைப் பார்த்தாள். தூத்துக்குடி முப்பத்தைந்து நிமிடம். ராமநாதபுரம் ஐம்பது. ராஜபாளையம் நாற்பது. மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு, மூன்று நிமிடக் கணக்கெல்லாம் பார்க்காமல் ஓர் ஓட்டம் ஓடி முடித்திருக்கிறார்கள். அவள்தான் சாவகாசமாக இரண்டு முறை அளந்தாள்.

வாரக் கடைசியில் அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"அம்மா, அன்னைக்கு உன் கால்ல ஒண்ணும் ஆகலையே?"

அந்தப் பக்கம் சோற்று வாளியை மூடும் சத்தம் கேட்டது.

"யார் சொன்னா உனக்கு?"

"செருப்பைப் பார்த்தேம்மா."

"பார்த்தியா," என்றாள் சீனித்தாய். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமலிருந்தது. "கொப்புளம்தான். ஆறிப்போச்சு. பேச்சிமுத்து மவளுக்குத்தான் மயக்கம் வந்து, ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தா. வயித்துல ஏழு மாசம்லா அவளுக்கு. இப்ப நல்லாருக்கா."

"எதுக்கும்மா எல்லாரும் வெளிய போனீங்க?"

"வேற ஆபீசருன்னா ஒரு வேளை போயிருக்க மாட்டோம். நீ வாரேன்னு ஆவுடை வந்து சொன்னான். நாங்க இப்படிக் கெடக்கிறதை நீ எழுத வேண்டி வரும், சொந்த ஊரைப் பத்தி எழுதுறதுக்கு உனக்குக் கஷ்டமா இருக்கும், வேலைக்கும் எதுவும் இடைஞ்சல் வரும்னு பேசிக்கிட்டாக. சரி, புள்ள ஒரு நிமிசத்துல பார்த்துட்டுப் போயிருவான்னு நெனச்சோம்."

* * *

திங்கட்கிழமை அவள் கோடுகளைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு பெனடிக்ட் சாரின் மேசையில் வைத்தாள். கூடவே தன் நோட்டையும், அந்தப் பக்கத்தைத் திறந்து.

"முப்பத்தெட்டாவது கேள்விக்கு நான் பொய் எழுதினேன் சார். ஆள் இருக்காங்கன்னு எனக்குத் தெரியும். எங்க அம்மாவே அங்கதான் இருக்காங்க. தெரிஞ்சே எழுதினேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "சலுகை காட்டக் கூடாதுன்னா?"

"இல்ல சார். அப்படித்தான் அன்னைக்கு நெனச்சுக்கிட்டேன். வெட்கமா இருந்துச்சு, அதான் நெஜம். எங்க ஊரு படிக்கட்டுல பாய் விரிச்சுப் படுத்துக் கெடக்குன்னு என் கையால எழுதி, அதை நீங்க எல்லாரும் இங்க உக்காந்து படிக்கறது."

அவர் கோடுகளைப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று தள்ளிக்கொண்டே வந்து ராஜபாளையத்தில் நின்றார். அங்கேயே நெடுநேரம் நின்றார்.

"ராஜபாளையத்துக்கு யார் சார் போனது?" என்று கேட்ட பிறகுதான் குருவம்மாவுக்கு அலுவலக வழக்கம் நினைவுக்கு வந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"நாற்பது நிமிஷம்," என்றார். "எங்க அண்ணன் குடும்பம் ஈ பிளாக்ல இருப்பாங்க. வாசல்ல ஒரு தூக்குச்சட்டி கிடந்தது. நான் அதைத் தாண்டித்தான் போனேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

பிறகு அவர் வேலையில் இறங்கிவிட்டார். உண்மையான எண்களைப் போட்டால் யார் போக வேண்டும் என்று பிரிப்பானைக் கேட்டார்கள். திருநெல்வேலி என்றது. ஊர் மாறினாலும் அந்த அணி பழைய மேட்டுப் பிரிவிலேயே இருக்க வேண்டும்.

"ஓசூர் டீம் முதலாளி குதிப்பார்," என்றார் பெனடிக்ட். "திருநெல்வேலியில இருந்துக்கிட்டு மைசூருக்கும் பெங்களூருக்கும் பருவம் பூரா அலையணுமான்னு கேப்பார். அலையட்டும். அவர்தான இடம் மாறினார். ஆனா வெறும் கோட்டைக் காட்டினா லீக் வாரியம் ஒத்துக்காது. எழுதினது தப்புன்னா மறு ஆய்வு. அதிகாரி நேர்ல போய்க் கண்ணால எண்ணணும். பிரிவுப் பட்டியல் கையெழுத்தாகறதுக்கு இன்னும் பத்து நாள் இருக்கு."

"மறு ஆய்வுக்கும் மூணு நாள் முன்னாடி நோட்டீஸ் அனுப்பணுமா சார்?"

"விதி அதுதான்."

"அப்படின்னா மறுபடியும் வெளிய போயிருவாங்க."

"போகாமப் பார்த்துக்க வேண்டியது..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "நான் உன் ஊருக்கு வரேன். என் ஊருக்கு வேற ஆள் போகட்டும். நான் எழுதினதையும் சேர்த்தே வாரியத்துக்கு எழுதறேன். விசாரணை முடியறவரைக்கும் நீ வேலைக்கு வர முடியாதும்மா. அநேகமா நானும்தான், அந்த எண்ணிக்கைக்குப் பிறகு."

* * *

கோவில்பட்டியில் யாரும் அவள் சொன்னதை ஏற்கவில்லை. ஆவுடையப்பன் இப்போது 'மேடம்' என்று சொல்லவில்லை.

"போன தடவை ஒண்ணுமே இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டுப் போனவ நீ. இப்ப உள்ளேயே படுத்துக் கெடங்க, அதான் நல்லதுங்கிற. எதை நம்புறது?"

"போன தடவை நான் செஞ்சது தப்புண்ணே."

"தப்புன்னு உனக்குத் தெரிய ஒரு மாசம் ஆச்சு. இதுவும் தப்புன்னு தெரிய எம்புட்டு நாளாகும்? வாரவன் பார்த்துட்டு, ஹாக்கி கிரவுண்டைச் சத்திரமாக்கி வச்சிருக்கானுவன்னு லைசென்சையே புடுங்கிட்டுப் போனா? அப்ப எனக்கும் வேலை கெடையாது, இந்தச் சனத்துக்கும் எடம் கெடையாது."

அவளிடம் பதில் இருந்தது. கோடுகள், எண்கள், பிரிப்பான், முப்பத்தெட்டாவது கேள்வியின் மதிப்பு. எல்லாவற்றையும் சொன்னாள். படிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் கேட்டுக்கொண்டார்கள். பேச்சிமுத்துவின் மகள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தீப்பெட்டித் தொழிற்சாலையில் கணக்கப்பிள்ளையாக இருந்த ஒரு பெரியவர் மட்டும் கேட்டார்:

"எல்லாம் சரி. வாரவர் யாரு? உங்க பெரிய ஆபீசரா? அவர் முன்னாடி வாயைப் பொளந்துக்கிட்டு நாங்க தூங்கணுமாக்கும்?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்போடு அந்தப் பேச்சு முடிந்துபோனது.

வீட்டில் சீனித்தாய் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது குருவம்மா பாதங்களைப் பார்த்தாள். ஆறிப்போச்சு என்று சொன்னது பாதிதான் உண்மை. குதிகாலில் புதுத்தோல் வெளுப்பாக, பளபளப்பாக இருந்தது.

"அதைப் பார்க்காத," என்று அம்மா சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"பார்க்காமத்தாம்மா இவ்வளவும் ஆச்சு."

ஆய்வு நாளன்று காலை பத்து மணிக்கே பாய்கள் சுருட்டப்பட்டன. யாரும் உத்தரவு போடவில்லை. ஒரு வரிசையில் ஒருத்தி எழுந்து பாயை உதறினாள். அடுத்தவளும் எழுந்தாள். வாளிகள், தண்ணீர்க் குடங்கள், விசிறிகள். ஆவுடையப்பன் குழாயைத் திறந்து மேல் படியிலிருந்து கழுவ ஆரம்பித்தார். பின்கதவைத் திறந்ததும் வெளியிலிருந்த அனல் அடித்து, முன்னால் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆனாலும் நடந்தார்கள்.

குருவம்மா சி பிளாக்கில் நின்றாள். ஏதாவது சத்தம் போட்டுச் சொல்லலாமா என்று யோசித்தாள். அவளுக்குச் சத்தம் வராது. வந்தாலும் என்ன சொல்வது? சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லியாகிவிட்டது.

அம்மா சுருட்டி வைத்திருந்த பாயைக் குருவம்மா எடுத்தாள். பதினாலாவது வரிசையில் விரிக்கவில்லை. கீழே இறங்கினாள். முதல் வரிசைக்கு முன்னால், வாசலில் நுழைகிறவர் கண்ணில் முதலில் படுகிற அகலமான நடைபாதையில் விரித்தாள். ஈரத்தில் பாய் ஒட்டிக்கொண்டது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அலுவலகத்துக்குப் போகும் சுடிதார்தான் போட்டிருந்தாள். அப்படியே மல்லாந்து படுத்தாள்.

கூரையில் குளிர் குழாய்கள் ஓடின. முகமெல்லாம் பற்றி எரிவதுபோல் இருந்தது. போகிறவர்கள் எல்லாரும் நின்று பார்க்கிறார்கள் என்பது கண்ணை மூடிக்கொண்டாலும் தெரிந்தது.

"ஏ குருவம்மா, எந்திரி. என்ன கூத்து இது?" ஆவுடையப்பனின் குரல். "கார் வந்துட்டு. வாசல்ல நிக்காக."

அவள் எழவில்லை.

"ஏளா, எந்திரிளா. வயசுப் புள்ள இப்படியா நடுவழியில..." யாரோ ஒருத்தி.

கொஞ்ச நேரம் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சளக் சளக்கென்று ஒரு செருப்புச் சத்தம் படியிறங்கி வந்தது. அது பக்கத்தில் வந்து நின்றது. கண்ணைத் திறந்தபோது, ஊக்குக் குத்திய நீலச் செருப்பைச் சீனித்தாய் நடைபாதையின் நட்டநடுவில், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி, ஜோடி சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"தள்ளிப் படு," என்றாள்.

குருவம்மா தள்ளிப் படுத்தாள். அம்மா கையைத் தலைக்கு அணை கொடுத்து ஒருக்களித்துப் படுத்தாள். வெளுத்த குதிகால்கள் வாசலைப் பார்த்து இருந்தன. அவற்றைச் சேலையால் மூடவில்லை.

பின்கதவுப் பக்கம் முணுமுணுப்பு. அந்தக் கூட்டத்திலிருந்து பேச்சிமுத்துவின் மகள் மெல்லத் திரும்பி வந்து, முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். வெளியேயும் போகவில்லை, உள்ளேயும் வரவில்லை. ஆவுடையப்பனின் கையிலிருந்த குழாய் தன்பாட்டுக்குப் படியை நனைத்துக்கொண்டிருந்தது.

முன்வாசல் திறந்தது. பெனடிக்ட் ஜெயசீலன் படிவத்தோடு உள்ளே வந்தார். காலடியில் கிடந்த செருப்பைப் பார்த்து நின்றார். இந்த முறை தாண்டிப் போகவில்லை. பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, படிவத்தை முழங்காலில் வைத்துப் பேனாவைத் திறந்தார்.

"அம்மா, உங்க பேரு?"

"சீனித்தாய்."

"ஒண்ணு," என்று எழுதிக்கொண்டு, குருவம்மாவைப் பார்த்தார். "உன் பேரு?"

அவள் எழுந்து உட்காரப் போனாள். பிறகு அப்படியே கிடந்தாள்.

"குருவம்மா," என்றாள்.

"ரெண்டு."

பின்கதவை யாரோ சாத்தும் சத்தம் கேட்டது. அதன் பிறகு, ஒவ்வொன்றாக, பாய்கள் விரியும் சத்தம்.